வெட்டுமுன் ஓர் ஒத்திகை

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூர் நான் பிறந்த ஊர். எங்கள் ஊர்க் குன்றிலே, சமண முனிவர்கள் தங்குவதற்காகப் பாறையிலேயே செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அருகில் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த பழங்கல்வெட்டு ஒன்றும் உண்டு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படுக்கைகளின் விளிம்பு இன்னும் கைக்குத் தெரிகிறது. சிறுவனாக இருந்தபோது கோடை வெயிலுக்கு அஞ்சி அவற்றில் படுத்துக் கிடந்திருக்கிறேன். அன்று தோன்றாத ஒரு கேள்வி, நான் இயந்திரத் தொழிலில் ஈடுபட்ட பிறகு தோன்றியது. ஓர் உளியடி தவறியிருந்தால் அந்தக் கல்தச்சர் என்ன செய்திருப்பார்?

குயவருக்குத் தவறு நேர்ந்தால் மண்ணை மீண்டும் பிசைந்துகொள்ளலாம். கொத்தனார் சுவரை இடித்துக் கட்டலாம். கல்லைக் குடைபவருக்கு அந்த வசதி இல்லை. எடுத்த கல் எடுத்ததுதான். செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அங்கே நிற்கிறது. மாமல்லபுரம் சென்றால், முற்றுப்பெறாமல் நின்றுபோன குடைவரைகளில் வேலை நடந்த முறையையே காணலாம். பாறையின் முகப்பைச் சதுரம் சதுரமாக வகுத்து, கோடுகளின் வழியே பள்ளம் வெட்டி, இடையில் நின்ற கட்டிகளைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். முதலில் பெரிய கட்டிகள். உருவத்தை நெருங்க நெருங்கச் சிறிய உளி. மாணவ நண்பர்களே, இந்தச் சதுரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்த பொருளுக்குள் அவை மீண்டும் வரும்.

நான் பேச வந்த பொருள், கணினி நடத்தும் வெட்டு இயந்திரங்களைப் பற்றியது. இவற்றைச் சி.என்.சி. இயந்திரங்கள் என்று பட்டறைகளில் வழங்குகிறோம். கணினி வழி எண்முறைக் கட்டுப்பாடு என்பது அதன் பொருள். பழைய மில்லிங் இயந்திரத்தில் ஒரு தொழிலாளி கைச்சக்கரத்தைச் சுழற்றி, வெட்டுங் கருவியை உலோகத்தின்மேல் நகர்த்துவார். சி.என்.சி. இயந்திரத்தில் அந்த வேலையை எண்கள் செய்கின்றன. "இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு, இன்ன வேகத்தில், நேர்க்கோட்டில் போ" என்பது ஒரு கட்டளை. "இன்ன ஆரத்தில் வளைந்து போ" என்பது மற்றொன்று. இத்தகைய கட்டளைகள் சில நூறாகவோ, வளைவுகள் மிகுந்த அச்சாக இருந்தால் பல லட்சமாகவோ அடுக்கப்படுகின்றன. அந்தத் தொகுப்பு நிரல் எனப்படும். அந்த நிரலின்படி கருவி செல்லும் வழியே வெட்டுப்பாதை.

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. ஹெலிகாப்டரின் சுழலிறக்கைகளைத் துல்லியமாகச் செய்யும் வழியைத் தேடிய ஜான் பார்சன்ஸ் என்பவர் இதற்கு வித்திட்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 1952-இல் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். நம் நாட்டில் 1953-இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும், 1962-இல் மத்திய இயந்திரக் கருவி ஆய்வு நிலையமும் பெங்களூரில் தோன்றின. இன்று கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர் ஆகிய இடங்களில் சிறு பட்டறைகளில்கூட இந்த இயந்திரங்கள் ஓடுகின்றன. எங்கள் வட்டாரத்து இளைஞர்கள் பலர் தொழிற்பயிற்சி முடித்து அவற்றை இயக்கச் செல்கிறார்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையை அடுத்த ஒரு பட்டறையில் நான் நிரல் எழுதும் பணியில் இருந்தேன். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் அங்கே இயந்திரம் இயக்குபவராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒருநாள், மூன்று நாட்கள் வேலை செய்த அச்சு ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. உலோகக் கட்டியை மேசையில் இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்புகளில் ஒன்றை இடம் மாற்ற வேண்டி வந்தது. தம்பி முறையாக என்னிடம் வந்து, "அண்ணா, கிளாம்பைத் தள்ளிப் போட்டிருக்கேன், கணக்கிலே சேர்த்துக்குங்க" என்றார். நானும் புதிய இடத்தைக் கணினியில் குறித்துக்கொண்டு, நிரலை ஒருமுறை ஒத்திகை ஓட்டிப் பார்த்தேன். திரையில் எந்த மோதலும் தெரியவில்லை. "ஓட்டலாம் தம்பி" என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. வெட்டி முடித்து விரைந்து திரும்பிய கருவி, கிளாம்பின் மேலே நீண்டிருந்த இரும்புத் திருகில் மோதித் தெறித்தது. இயந்திரத்தின் கதவு மூடியிருந்ததால் ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் கட்டி இடம் பெயர்ந்து அச்சு பாழாயிற்று. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, இயக்குபவரின் கவனக்குறைவு என்று பதிவேட்டில் எழுதினார். தம்பி என்னைப் பார்த்து, "ஒத்திகையிலே சரியாத்தானே இருந்தது, அண்ணா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு உரிய விடையே இன்றைய பேச்சு. ஒத்திகையில் சரியாக இருந்தது எப்படி இயந்திரத்தில் தவறாயிற்று?

முதலில் ஒத்திகை என்றால் என்ன என்று காண்போம். பழங்காலத்தில் புதிய நிரலைச் சோதிக்க மெழுகிலோ மரத்திலோ வெட்டிப் பார்ப்பார்கள். அல்லது கட்டியே வைக்காமல் கருவியைக் காற்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் இயந்திரம் பல மணி நேரம் வேலையின்றி நிற்க வேண்டும். கணினி வந்த பிறகு, கட்டியையும் கருவியையும் கிளாம்பையும் கணினிக்குள்ளேயே எண்களால் அமைத்து, நிரலை அங்கே ஓட்டிப் பார்க்கலாயினர். இதனைச் சிமுலேஷன் என்பர். நாடகத்துக்கு முன் நடக்கும் ஒத்திகை போன்றதாதலால் நான் ஒத்திகை என்றே சொல்கிறேன். இது மெய்யாக இருக்க வேண்டும். விரைவாகவும் இருக்க வேண்டும். மெய்யாக இல்லாவிட்டால் பயனில்லை. விரைவாக இல்லாவிட்டால், அவசரத்தில் இருப்பவர் அதைச் செய்யாமலே விட்டுவிடுவார். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

கணினி ஓர் உலோகக் கட்டியை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது? ஒரு வழியை நம் ஊர் வயலைக் கொண்டே விளக்கலாம். நூறு மில்லிமீட்டர் நீளமும் நூறு மில்லிமீட்டர் அகலமும் உடைய கட்டியின் மேற்பரப்பை ஒரு நெல் வயலாக எண்ணிக்கொள்ளுங்கள். சம இடைவெளியில் நாற்று நட்டிருக்கிறது. ஒவ்வொரு பயிரின் உயரமும் அந்த இடத்தில் உலோகம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைக் குறிக்கிறது. கருவி ஓர் அரிவாளைப் போல் மேலே செல்கிறது; தான் சென்ற உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தாளை அறுத்துவிடுகிறது. வேலை முடிந்ததும், நிற்கும் தாள்களின் நுனிகளைப் பார்த்தால் வெட்டிய உருவம் தெரிந்துவிடும். 1986-இல் டிம் வான் ஹூக் என்னும் அறிஞர் இந்தக் கருத்தை விரிவாக்கி, வெட்டு நடக்கும்போதே திரையில் காணும் வகையை வெளியிட்டார். ஒரே தாளில் இடையிடையே வெற்றிடம் இருந்தாலும் அதையும் குறித்துக்கொள்ள அவர் முறை இடந்தந்தது.

இதில் ஓர் அருமை உண்டு. கணினி ஒரு கனவுருவத்திலிருந்து மற்றொரு கனவுருவத்தை வடிவியல் முறையில் கழிப்பதென்றால், ஒவ்வொரு வெட்டுக்கும் புதிய முகங்களும் புதிய விளிம்புகளும் தோன்றி, கணக்கு சிக்கலாகிக்கொண்டே போகும். வயல் முறையிலோ ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு கேள்விதான்: கருவியின் அடி உன்னைவிடத் தாழ்ந்ததா? தாழ்ந்ததென்றால் குறை, இல்லையென்றால் விட்டுவிடு. மேலும் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் தொடர்பில்லை. எனவே ஒரே வயலில் பல ஆட்கள் ஒருவரோடொருவர் இடிக்காமல் அறுப்பதைப் போல, இன்றைய கணினியிலுள்ள வரைகலைச் செயலியின் ஆயிரக்கணக்கான உறுப்புகள் ஒரே நேரத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆயின் எத்தனை தாள் நடுவது? ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் பத்தாயிரம் தாள் போதும். பத்தில் ஒரு பங்கு இடைவெளி என்றால் 10 லட்சம் வேண்டும். நூறில் ஒரு பங்கு என்றால் 10 கோடி. இடைவெளி பத்து மடங்கு நெருங்கினால் வேலை நூறு மடங்கு பெருகுகிறது. துல்லியத்துக்கு நாம் கொடுக்கும் விலை இதுவே. அடர்த்தி குறைந்தாலும் ஒவ்வொரு தாளின் உயரம் துல்லியமாகவே இருக்கும். ஆதலால் தட்டையான பரப்புகள் நன்றாக வரும். செங்குத்தான சுவர்களோ அரத்தின் பற்களைப் போல் மடிமடியாகத் தோன்றும். அதனால் மூன்று திசைகளிலும் தாள் நட்டுக் கணக்கிடும் முறையும் பின்னர் வந்தது.

இன்னொரு வழி, கட்டி முழுவதையும் சிறு கற்கண்டுத் துண்டுகள் போன்ற கனசதுரங்களால் ஆனதாகக் கொள்வது. எந்தத் துண்டின் வழியே கருவி செல்கிறதோ அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும். குடைவும் வளைவும் நிறைந்த உருவத்துக்கு இது ஏற்றது. விலைதான் அச்சமூட்டுவது. 100 மில்லிமீட்டர்க் கனசதுரக் கட்டியை ஒரு மில்லிமீட்டர்த் துண்டுகளாக வகுத்தால் 10 லட்சம் துண்டுகள். பத்தில் ஒரு பங்காக்கினால் 100 கோடி. நூறில் ஒரு பங்காக்கினால் ஒரு லட்சம் கோடி! துண்டொன்றுக்கு ஒரே ஒரு பைட்டு இடம் கொடுத்தாலும் ஒரு டெராபைட்டு நினைவகம் வேண்டும். வேகமான கணினியை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணும் இளைஞர்களுக்கு இந்த எண்ணிக்கையைச் சொல்வது என் வழக்கம். இடைவெளியைப் பத்து மடங்கு குறைப்பதற்குள், ஆயிரம் மடங்கு வேகமான கணினியின் வலிமை தீர்ந்துவிடுகிறது.

இங்கேதான் மாமல்லபுரத்துச் சதுரங்கள் திரும்பி வருகின்றன. அந்தக் கல்தச்சர் பாறை முழுவதையும் சிறு சதுரங்களாக வகுக்கவில்லை. எடுத்தெறிய வேண்டிய பகுதிக்குப் பெரிய கட்டி. உருவத்தின் தோலுக்கு மட்டும் நுண்ணிய உளி. கணினியும் அதையே செய்யலாம். முழுக் கட்டியையும் எட்டாகப் பிளக்க வேண்டும். கருவி தொடாத பிளவை அப்படியே ஒரு துண்டாக வைத்துக்கொள்ள வேண்டும். முழுவதும் அறுபட்ட பிளவை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும். பரப்பு ஊடறுத்துச் செல்லும் பிளவை மட்டும் மீண்டும் எட்டாகப் பிளக்க வேண்டும். இப்படியே நமக்கு வேண்டிய நுண்மை வரும் வரையில் செல்லலாம். இதற்கு எண்கிளை மரம் என்று பெயர். நுண்ணிய துண்டுகள் பரப்பில் மட்டும் இருப்பதால், மேலே சொன்ன கட்டியின் ஆறு முகங்களுக்கும் நூறில் ஒரு பங்கு நுண்மையில் ஏறத்தாழ 60 கோடி துண்டுகள் போதும். லட்சம் கோடி எங்கே, அறுபது கோடி எங்கே? கணினி மாறவில்லை, கணக்கிட்டவரின் சிந்தனை மாறியிருக்கிறது.

வேகத்தைப் பெருக்க மற்றொரு வழி, வேண்டாத கேள்வியைக் கேளாமல் விடுவது. மேற்கு மூலையில் அறுப்பவர் கிழக்கு மூலையிலுள்ள கதிரைத் திரும்பிப் பார்க்க வேண்டுவதில்லை. கருவியைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி வரைந்து, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாள்களை மட்டும் கேட்டால் போதும். பத்து லட்சம் தாளுள்ள வயலில், 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவியின் பெட்டிக்குள் வருபவை ஏறத்தாழப் பத்தாயிரமே. நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு வேலை இந்த ஒரு சிந்தனையால் குறைந்துவிடுகிறது. துல்லியம் ஒரு துளியும் குறைவதில்லை. நல்ல வேகம் எப்போதும் இவ்வாறு தவிர்க்கத்தக்கதைத் தவிர்ப்பதால் வருவது. தவிர்க்கக் கூடாததைத் தவிர்ப்பதால் வரும் வேகமும் ஒன்று உண்டு. நான் செய்தது அதுவே.

அதை விளக்குகிறேன். ஒத்திகை என்பது பெரும்பாலும் திரைப்படம் போன்றது. கருவி தொடர்ந்து நகர்வதுபோல் தோன்றினாலும், கணினி குறிப்பிட்ட கணங்களில் மட்டும் அதன் இடத்தைப் பார்த்து, "இப்போது எதனோடாவது மோதுகிறதா?" என்று கேட்கிறது. எங்கள் இயந்திரத்தில், வெட்டாமல் விரைந்து செல்லும்போது கருவியின் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர். அதாவது வினாடிக்கு 500 மில்லிமீட்டர். வினாடிக்கு 25 முறை கேட்டால், ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் கருவி 20 மில்லிமீட்டர் கடந்துவிடும். எங்கள் கருவியின் விட்டம் 6 மில்லிமீட்டர். திருகின் விட்டம் 8. கருவியின் நடு, திருகின் நடுவுக்கு 7 மில்லிமீட்டருக்குள் வந்தால் மோதல். ஆகவே நேராகச் செல்லும் பாதையில் ஆபத்தான நீளம் 14 மில்லிமீட்டர்தான். 20 மில்லிமீட்டர்த் தாவலில் 14 மில்லிமீட்டர் அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். அகப்படாமல் போகும் வாய்ப்பு இருபதுக்கு ஆறு, அதாவது நூற்றுக்கு முப்பது.

நான் அன்று அவசரத்தில் ஒத்திகையின் ஓட்டத்தை இருமடங்காக்கியிருந்தேன். தாவல் 40 மில்லிமீட்டர் ஆயிற்று. மோதல் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வாய்ப்பு நாற்பதுக்கு இருபத்தாறு, நூற்றுக்கு அறுபத்தைந்து. திரையில் கருவி திருகுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அடுத்த கணம் அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் அது எங்கே இருந்தது என்று கணினியை யாரும் கேட்கவில்லை. கணினி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மெய்யான விடையே தந்தது. கேட்க வேண்டிய கேள்வியை நான் விலக்கி வைத்திருந்தேன்.

இதற்கு மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இரண்டு கணங்களுக்கு இடையே கருவி கடந்துவரும் வெளி முழுவதையும் ஒரே கனவுருவமாகக் கொண்டு, அந்த உருவம் எதையேனும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். சேற்றில் ஒரு கோலை இழுத்தால் கோடு விழுகிறதல்லவா? கோலின் நுனியைச் சில இடங்களில் மட்டும் பார்ப்பதற்குப் பதிலாக அந்தக் கோடு முழுவதையும் பார்ப்பது போன்றது இது. நான் பயன்படுத்திய மென்பொருளிலும் அந்த வசதி இருந்தது. காலம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.

வளைவுகளிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. வளைந்த பாதையைக் கணினி பல நேரங்களில் சிறு நேர்க்கோடுகளாகத் துண்டித்தே கையாள்கிறது. கோட்டுக்கும் வளைவுக்கும் இடையே ஏற்படும் இடைவெளியை ஓர் எளிய விதி சொல்கிறது: கோட்டின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை 2 மில்லிமீட்டர்க் கோடுகளாக வகுத்தால் பிழை 0.01 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்க் கோடுகளாக வகுத்தால் 0.0025. துண்டுகளை இரட்டித்தால் பிழை நான்கில் ஒரு பங்காகிறது. இங்கே துல்லியம் மலிவாகக் கிடைக்கிறது; கனசதுரத் துண்டுகளிலோ அதே துல்லியம் கொள்ளை விலை. எங்கே மலிவு, எங்கே விலை உயர்வு என்று அறிந்து செலவிடுவதே இந்தக் கலையின் சூட்சுமம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடிவியல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இயந்திரத்தின் இயல்பு தெரியாத ஒத்திகை அரைகுறையானது. விரைந்து செல்லும் கட்டளை கொடுத்தால், பல இயந்திரங்களில் ஒவ்வொரு அச்சும் தனக்குரிய முழு வேகத்தில் தனித்தனியே ஓடும். குறுகிய தூரம் உள்ள அச்சு முதலில் நின்றுவிடும். மற்றது தொடர்ந்து ஓடும். ஆதலால் பாதை முழங்கை மடிந்ததுபோல் வளையும். ஒத்திகையோ அதை நேர்க்கோடு என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். மெல்லிய நீண்ட கருவி வெட்டும் விசையால் வளைவதையும் பெரும்பாலான ஒத்திகைகள் கணக்கில் கொள்வதில்லை. கருவி வெளியே நீண்டிருக்கும் அளவை இருமடங்காக்கினால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். திரையில் நேராக நிற்கும் சுவர் இயந்திரத்தில் சரிந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் துல்லியம், வேகம் இரண்டையும் ஒருங்கே பெறும் வழிதான் என்ன? நான் பட்டறிந்து கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். ஒத்திகையை இரண்டு முறை நடத்த வேண்டும். முதல் முறை பருமட்டாக, விரைவாக. ஆனால் பருமட்டான கணக்கு தவறினால், அது அச்சத்தின் பக்கம் தவற வேண்டும். துணிச்சலின் பக்கம் தவறக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஒரு மில்லிமீட்டர்க் கனசதுரத் துண்டின் நடுவிலிருந்து அதன் மூலை ஏறத்தாழ 0.87 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே கிளாம்பையும் திருகையும் சுற்றி ஒரு மில்லிமீட்டர்ப் போர்வை போர்த்தி, கருவி கடக்கும் வெளி முழுவதையும் அதனோடு ஒப்பிட்டால், பருமட்டான கணக்கினால் எந்த மோதலும் தப்பிவிடாது. வீணான எச்சரிக்கைகள் சில வரும். எச்சரிக்கை வந்த இடங்களில் மட்டும் இரண்டாம் முறை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஐயமில்லாத இடத்தில் காலத்தைச் செலவிடாமல், ஐயமுள்ள இடத்தில் தாராளமாகச் செலவிடலாம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் அறிந்த பாடத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அறியாத பாடத்தில் இரவெல்லாம் உட்காருவது போன்றது இது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வரைபடத் தாளில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் எங்காவது ஒரு பொட்டு வையுங்கள். ஒரு நாணயத்தைக் கோட்டின் ஒரு முனையில் வைத்து, சம தூரம் தாண்டித் தாண்டி வைத்துக்கொண்டே போங்கள். பொட்டு எப்போதாவது மறைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தாவலின் நீளம் நாணயத்தின் விட்டத்துக்கு மேற்படாத வரையில் பொட்டு ஒருமுறையேனும் மறைந்தே தீரும். விட்டத்தை மிஞ்சிய உடனே சில வேளைகளில் தப்பிவிடும். தாவலை விட்டத்தைப் போல் இருமடங்காக்கி, பொட்டின் இடத்தை மாற்றி மாற்றி இருபது முறை செய்து பாருங்கள். ஏறத்தாழப் பாதித் தடவை பொட்டு மறையாமலே தப்பிப் போகும். எங்கள் அச்சு பாழான கதை முழுவதும் அந்தத் தாளில் உங்களுக்குத் தெரியும்.

இனி அந்தத் தம்பியின் கதையை முடிக்க வேண்டும். அன்று மாலைவரை நான் வாய் திறக்கவில்லை. அச்சம்தான் காரணம். இரவு உணவுக்குப் பின் ஒத்திகையை மீண்டும் ஓட்டினேன். இம்முறை விரைவு வேண்டாமென்று, கடக்கும் வெளி முழுவதையும் கணக்கிடும் வசதியைத் திறந்துவிட்டேன். ஏழு நிமிடத்தில், திருகு இருந்த இடத்தில் திரை சிவந்தது. பகலில் நான் மிச்சப்படுத்தியதாக எண்ணியது அந்தச் சில நிமிடங்களைத்தான். மறுநாள் காலை அந்தப் படத்தை எடுத்துச் சென்று பட்டறை உரிமையாளரிடம் காட்டினேன். "இயக்கியவர் முறைப்படி சொன்னார், சரிபார்த்தவன் நான்" என்றேன். பதிவேட்டில் இருந்த குறிப்பு அடிக்கப்பட்டு, என் பெயர் எழுதப்பட்டது. தம்பிக்கு நான் தர வேண்டியிருந்த பதில் அதுவாகத்தான் இருக்க முடியும்.

அவர் இப்போது நிரல் எழுதுபவராகிவிட்டார். விழாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது இருவரும் குன்றின்மேல் ஏறினோம். கற்படுக்கையின் விளிம்பைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "இதைச் செய்தவருக்குக் கணினி இல்லை, ஆனால் வெட்டுமுன் மனத்திலே பலமுறை வெட்டிப் பார்த்திருப்பார், அண்ணா."

மாணவ நண்பர்களே, கணினி நமக்குத் தந்திருப்பது அந்த மனத்தின் வேலையை விரைவாகச் செய்யும் வசதி. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை விடுவது என்னும் பொறுப்பு இன்னும் நம்மிடமே இருக்கிறது. திரை பச்சையாக இருந்தது என்று சொல்லி அதிலிருந்து நாம் விலகிக்கொள்ள முடியாது. இயந்திரத்தின் முன் நிற்பவர் நம் சொல்லை நம்பித்தான் பொத்தானை அழுத்துகிறார்.